பைப் போடுற கப்பலுக்கு நான் போடுற மார்க்

2025 ஏப்ரல்ல இந்தியா, இலங்கை, அமீரகம் மூண்டும் சேந்து திருகோணமலைய எரிசக்தி மையமா ஆக்கப்போறம் எண்டு கையெழுத்து வச்சதில இருந்து எனக்கு எங்கட ஊர் அனுராதபுரச் சந்தியில நிம்மதியா ஒரு பிளேன்டீ குடிக்க ஏலாம கிடக்கு. "அண்ணை, இந்தியாவில இருந்து கடலுக்கால எண்ணெய் பைப் வருமாமே, அத எப்பிடிப் போடுவினம், சுழியோடி இறங்கி அடியில வெல்டிங் அடிப்பானோ?" எண்டு ஒருத்தன் கேக்க, "இல்லடா, கரையில நீட்டா ஒட்டிப்போட்டு போட்டில கட்டி இழுக்கிறது" எண்டு மற்றவன் சொல்ல, நான் வாய திறந்தா பிறகு ஒரு மணித்தியாலம் போயிடும். ரெண்டாவது ஆள் சொன்னதில கொஞ்சம் உண்மை இருக்கு, கிட்டத் தூரத்துக்கு அப்பிடி இழுக்கிற முறையும் உண்டு, ஆனா ஆழ்கடலுக்கு அந்தக் கதை சரிவராது. அதுக்கெண்டே கப்பல் இருக்கு. அப்பிடி ஒரு கப்பல்ல நான் மூண்டு ட்ரிப் வேலை செய்தவன். ஃபோனுக்கும் ரைஸ் குக்கருக்கும் ரிவ்யூ எழுதுறாங்கள், நான் இதுக்கு எழுதினா என்ன எண்டு தோணிச்சுது, அவ்வளவுதான்.

நான் ஏறின கப்பல்ட பேரும் கொம்பனிட பேரும் சொல்லமாட்டன், குறையும் சொல்லப்போறன் எண்டபடியா. மற்றக் கப்பல்களைப் பற்றிச் சொல்லுறது எல்லாம் உலகத்துக்கே தெரிஞ்ச சங்கதி.

முதல்ல சைஸ். எல்லாரும் கேக்கிறது அதத்தான். சொலிட்டயர் எண்டு ஒரு கப்பல், ஓல்சீஸ் கொம்பனிட, 1998ல வேலைக்கு இறங்கினது, அதுக்கு முன்னம் அது சாமான் ஏத்துற சாதாரணக் கப்பல். நீளம் 300 மீட்டர். எங்கட மக்கெய்சர் மைதானத்த மூண்ட வரிசையா வச்சுப் பாருங்கோ. அதுக்குப் பின்னால வாலமாதிரி ஒண்டு நீட்டிக்கொண்டு இருக்கும், ஸ்டிங்கர் எண்டுறது, அதையும் சேத்தா 397 மீட்டர். நானூறு பேருக்கு மேல படுத்தெழும்பலாம். அதே கொம்பனிட பயனியரிங் ஸ்பிரிட் இன்னும் மோசம், நீளம் 382, அகலம் மட்டும் 124 மீட்டர், ரெண்டு கப்பல ஒட்டிவச்ச மாதிரி முன்பக்கம் பிளந்து கிடக்கும். துறைமுகத்துக்குள்ள மா ஆலைக்கு வாற கோதுமைக் கப்பல பாத்துட்டு "எவ்வளவு பெருசு" எண்டு வாயப்பிளக்கிற ஆக்கள் நாங்கள், அத இதுக்குப் பக்கத்தில கட்டினா வள்ளம் மாதிரித்தான் நிக்கும்.

ஆனா சைஸுக்கு நான் மார்க் போடமாட்டன். ஏன் எண்டு சொல்லுறன்.

உள்ளுக்கு ஏறினா உங்களுக்கு கப்பல்ல நிக்கிற நினைப்பே வராது. ஒரு பக்கத்தால பைப் லோட் கப்பல் வந்து ஒட்டும், கிரேன் தூக்கி அடுக்கும், ஒரு துண்டு 12 மீட்டர், சில கப்பல்ல ரெண்டு துண்டை முதலே ஒட்டி 24 மீட்டரா ஆக்கி வச்சிருப்பாங்கள். பிறகு விளிம்பு சீவி, சூடாக்கி, உருளையில உருட்டி நடுவில இருக்கிற ஒரு நீட்டுக் கூடத்துக்குள்ள கொண்டுவந்து விடும். அதுதான் ஃபயரிங் லைன். தொடக்கத்தில புதுத்துண்டு வந்து பழைய துண்டோட முட்டும், உள்ளுக்க ஒரு கிளாம்ப் பிடிச்சு நேராக்கும், முதல் வெல்டிங் விழும். அடுத்த ஸ்டேஷன்ல ரெண்டாவது படை, அதுக்கடுத்ததில மூண்டாவது, இப்பிடியே போய் கடைசியில அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாப்பாங்கள், ஹொஸ்பிட்டல்ல வயித்துப்பிள்ளைக்குப் பாக்கிற அதே சங்கதிதான். ஓகே எண்டா அது எங்கட கைக்கு வரும். பிழை எண்டா வெட்டு. வெட்டு விழுந்தா அந்த வெல்டர்ட மூஞ்சிய பாக்கோணுமே, செத்த வீடு தோத்துப்போம்.

ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு பட்டன், ஒரு லைட். உன்ட வேலை முடிஞ்சா பட்டன அமத்து, பச்சை எரியும். எல்லாருக்கும் பச்சை விழுந்தாத்தான் கப்பல் ஒரு துண்டு நீளத்துக்கு முன்னால நகரும். இங்க விளங்கவேண்டியது ஒண்டு: பைப்ப பின்னால தள்ளுறேல்ல, பைப் இருந்த இடத்திலயே கிடக்கும், கப்பல்தான் அதுக்குக் கீழால கழண்டு முன்னால போகும். இத நான் விளங்கிக்கொள்ளவே ரெண்டு நாள் போச்சு. கண்ணுக்கு பைப் ஓடுற மாதிரித்தான் இருக்கும், ஓடுற ரயிலுக்குள்ள இருந்து வெளிய பாத்தா மரம் ஓடுற மாதிரி.

சொலிட்டயர் ஒரு நாளில 9 கிலோமீட்டருக்கு மேல போட்ட சாதனை வச்சிருக்கு. கணக்கு போட்டுப் பாருங்கோ, 24 மீட்டர்த் துண்டு எண்டா நாளைக்கு 370 துண்டு மட்டில, அப்ப நாலு நிமிஷத்துக்கு ஒரு பச்சை, இரவும் பகலும். நாலு நிமிஷத்தில எங்கட கடையில ஒரு கொத்து ரொட்டி வராது.

நான் நிண்டது கோட்டிங். ஊரில உப்புவெளிப் பக்கம் கேற், கிறில் அடிக்கிற பட்டறை வச்சிருந்தவன், எல்லாரும் என்னை வெல்டிங் பாஸ் எண்டுதான் கூப்பிடுவினம், அங்க போய் வெல்டிங்க தொடவே விடேல்ல, அதுக்கு வேற தராதரம் வேணும். எனக்குத் தந்தது ஒட்டின இடத்த மூடிக் கட்டுற வேலை. பைப் முழுக்க ஏற்கனவே பிளாஸ்டிக் பூச்சு போட்டுத்தான் வரும், வெல்டிங் அடிக்கிறதுக்காக நுனிய மட்டும் வெறும் இரும்பா விட்டிருப்பாங்கள். அந்த ஒரு முழம் இடத்த சும்மா விட்டா உப்புத்தண்ணி பிடிச்சுத் தின்னும். அதால முதல்ல துகள் அடிச்சு துரு, கரி எல்லாம் எடுத்து, இரும்பு சாம்பல் நிறத்தில பளிச்செண்டு வரும்வரைக்கும் சுத்தம் செய்யோணும். பிறகு சுத்திவர ஒரு கொயில மாட்டி கரண்டால சூடாக்கும், நெருப்பே இருக்காது, கிட்ட நிண்டா கன்னம் காயும். பிறகு ப்ரைமர், அதுக்கு மேல ஸ்லீவ் எண்டு தடிச்ச ஒரு பொலித்தீன் பட்டி, சுத்தி வச்சு டோர்ச்சால காய்ச்ச அது சுருங்கி தோலமாதிரி ஒட்டும். அந்தச் சுருங்குற நேரம்தான் விளையாட்டு. உள்ளுக்க காத்துக்குமிழ் ஒண்டு நிண்டாலும் பிழை, ஒரு சின்ன உருளைய வச்சு நடுவில இருந்து ஓரத்துக்கு ஓரத்துக்கு எண்டு உருட்டி வெளிய தள்ளோணும், அம்மா ரொட்டிக்கு மா உருட்டுற மாதிரி, பலமா அமத்தினா கிழியும், மெல்லமா அமத்தினா குமிழ் நிக்கும். கை பழக ஒரு கிழமை. கையுறைக்குள்ள வியர்வை ஊத்தும், கழட்டிக் கவிழ்த்தா தண்ணி சொட்டும்.

முடிய ஒரு ஆள் கரண்ட் ஓடுற ஸ்பிரிங் ஒண்ட அதுக்கு மேலால இழுத்துக்கொண்டு போவான். எங்கயாவது ஊசித்துவாரம் இருந்தா "டிக்" எண்டு பொறி பறக்கும். அந்தத் துவாரத்துக்கு அவங்கட பாஷையில ஹொலிடே எண்டு பேர். முதல் நாள் சூப்பவைசர் வந்து "ஹொலிடே, ஹொலிடே" எண்டு கத்த, நான் லீவு தாறாங்களாக்கும் எண்டு நினைச்சு சிரிச்சுக்கொண்டு நிண்டன். அந்தக் கதை மூண்டு ட்ரிப்புக்கும் என்னை விடேல்ல.

கோட்டிங் கடைசி ஸ்டேஷன் எண்டபடியா எனக்கு ஒரு லாபம், மற்ற ஆக்களுக்கு சுவர்தான் தெரியும், எனக்கு கடல் தெரியும். நான் தடவின பைப் என்ட கண்ணுக்கு முன்னால உருளை மேல ஏறி, ஸ்டிங்கர்ல வளைஞ்சு, தண்ணிக்குள்ள இறங்கும். சத்தமே வராது. தண்ணி கொஞ்சம் விலகி இடம் குடுக்கும், அவ்வளவுதான்.

சரி, இப்ப மெயின் விஷயம். இந்தக் கப்பலுகளுக்கு மார்க் போடவேண்டியது நீளத்துக்கு இல்ல, பிடிக்கு. பிடி எண்டுறது டென்ஷனர். ஃபயரிங் லைன் நடுவில புல்டோசர்ட சங்கிலிச் சில்லு மாதிரி பெரிய பெரிய பட்டி, பைப்ப மேலயும் கீழயும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். அது விட்டுதெண்டா கதை முடிஞ்சுது.

எங்கட ஆக்களுக்கு இத விளக்க நல்ல வழி ஆயிரங்கால் தூண்டில். போட் முன்னால போக, பின்பக்கத்தால கயிறு இறங்கிக்கொண்டே போகுமல்லோ, நீங்கள் கையால கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சு விட்டாத்தான் கயிறு அழகா சரிஞ்சு இறங்கும், பிடிய விட்டிட்டா ஒரே இடத்தில குவிஞ்சு சிக்குப்படும். பைப்பும் அதேதான். ஸ்டிங்கர்ட மேல ஒரு வளைவு, அடியில கடல் தரைய தொடுற இடத்தில எதிர்ப்பக்கம் ஒரு வளைவு, பக்கத்தில நிண்டு பாத்தா எஸ் எழுத்து மாதிரி. அதால இந்த முறைக்கு எஸ்-லே எண்டு பேர். கயிறு சிக்குப்பட்டா பிரிச்சு எடுக்கலாம், பைப் சிக்குப்படாது, அடி வளைவில நெளிஞ்சு தகரப்பேணி மாதிரி நசுங்கும். நசுங்கினது கிழிஞ்சு உள்ளுக்க தண்ணி போனா அது இன்னொரு கதை. ஏனெண்டா பைப்ப காத்து நிரப்பித்தான் இறக்குறது, வெறும் பைப். தண்ணி ஏறினா பாரம் எங்கயோ போயிடும்.

எங்க போகும் எண்டு நானே ஒருநாள் மெஸ்ஸில ஒரு எஞ்சினியர் பெடியனோட இருந்து கொப்பியில கணக்கு பாத்தன். உதாரணத்துக்கு எடுத்தது டேர்க்ஸ்ட்ரீம், ரஷ்யாவில இருந்து கருங்கடலுக்கால துருக்கிக்குப் போற காஸ் பைப், 32 இஞ்சி, இரும்பின்ட தடிப்பு 39 மில்லிமீட்டர், ஆழம் 2200 மீட்டர் வரைக்கும் போகுது. ஒரு மீட்டர் பைப் கரையில 740 கிலோ மட்டில வரும். தண்ணிக்குள்ள இறக்கினா தண்ணி தூக்கிக் குடுக்கிறதால 210 கிலோதான். அத 2200 மீட்டருக்கு நேர்கீழா தொங்கவிட்டா 460 தொன். இது எல்லாம் ஒழுங்கா நடந்தா. உள்ளுக்க தண்ணி நிரம்பினா மீட்டருக்கு 640 கிலோவுக்கு மேல, அப்ப தொங்குறது 1400 தொன். மூண்டு மடங்கு! இப்ப விளங்குதா பயனியரிங் ஸ்பிரிட்டுக்கு ஏன் 2000 தொன் பிடிக்கிற டென்ஷனர் வச்சிருக்கிறாங்கள் எண்டு. டேர்க்ஸ்ட்ரீம்ட ஆழமான பகுதிய 2017, 2018ல போட்டது அதுதான். சொலிட்டயருக்கு பிடி 1050 தொன், அதுவும் லேசுப்பட்டதில்ல, 2007ல மெக்சிகோ வளைகுடாவில 2775 மீட்டர் ஆழத்தில பைப் போட்டுக் காட்டினது.

இன்னொண்டு, ஆழத்தில போடுற பைப்புக்கு தடிப்பு ஏன் எண்டு கேட்டா எல்லாரும் உள்ளுக்க இருக்கிற காஸ் வெடிச்சிடாம இருக்க எண்டுதான் சொல்லுவினம், நானும் அப்பிடித்தான் நினைச்சவன். பத்து மீட்டர் இறங்க ஒரு பார் அழுத்தம் கூடும், 2200 மீட்டர்ல 220 பார். பைப் வெறுசா கிடக்கேக்க கடல் அத வெளிய இருந்து நெரிக்கும். அந்தத் தடிப்பில பெரும்பங்கு கடலுக்குப் பயந்து போட்டது.

ஆழமில்லாத இடத்தில பிரச்சினை நேர் மாறு, பைப் தாழாது! பால்டிக் கடல்ல போட்ட நோர்ட் ஸ்ட்ரீம் முதல் சோடி, 2010ல தொடங்கி 2012ல முடிச்சது, 1224 கிலோமீட்டர், 48 இஞ்சி பைப், ரெண்டு லைனுக்கும் ரெண்டு லட்சம் துண்டு மட்டில. அந்தச் சைஸில வெறும் இரும்புக்குழாய ரெண்டு பக்கமும் அடைச்சு கடல்ல போட்டா மிதக்கும் எண்டுற அளவுக்கு வந்திடும். அதால சுத்திவர கொங்கிறீட் பூசுறது, பூசினாப்பிறகு ஒரு 12 மீட்டர்த் துண்டு 24 தொன். கப்பல்ல வந்து இறங்குற பைப்ப பாத்தா நகரசபைக்காரன் போடுற கான் குழாய் மாதிரியே இருக்கும்.

கப்பல் ஒரே கோட்டில நிக்கோணுமே, அதுவும் சொல்லோணும். பழைய முறை நங்கூரம். நோர்ட் ஸ்ட்ரீம்ல வேலை செய்த காஸ்டோரோ செய் எண்டுறதுக்கு 12 நங்கூரம், டக் போட்டுகள் சுத்திச்சுத்தி ஒண்டொண்டா கழட்டி முன்னால கொண்டுபோய்ப் போட, இது வின்ச்சால இழுத்துக்கொண்டு போகும். ஆழ்கடல்ல அது நடக்காது. 1986ல லோரலே எண்ட கப்பல்தான் நங்கூரமே இல்லாம, சுழல்விசிறியள கொம்பியூட்டர் ஆட்டிவிட, நிண்ட இடத்தில நிண்டு பைப் போட்ட முதல் கப்பல். இப்ப எல்லாம் அப்பிடித்தான். செய்மதி சொல்லும் நீ இங்க நிக்கிறாய் எண்டு, விசிறி அங்கயும் இங்கயும் திரும்பி காத்தையும் நீரோட்டத்தையும் தள்ளிக்கொண்டே இருக்கும். இரவில படுத்திருந்தா கீழ இருந்து "ம்ம்ம்" எண்டு ஒரு உறுமல் வந்துகொண்டே இருக்கும், அது நிண்டாத்தான் பயப்படோணும்.

மற்ற மொடல்கள் பற்றி ரெண்டு வரி. ஜே-லே எண்டு ஒண்டு இருக்கு, கப்பல்ல கோபுரம் கட்டி பைப்ப நிமித்தி வச்சு ஒட்டி நேரா கீழ இறக்குறது, மேல் வளைவே இல்ல, ஆழத்துக்கு அருமை, ஆனா ஒரே இடத்தில நிண்டு ஒட்டுறதால மெதுவு. சைபெம் 7000 எண்ட ராட்சதக் கிரேன் கப்பல் 2001, 2002 காலத்தில கருங்கடல்ல புளூ ஸ்ட்ரீம் பைப்ப 2150 மீட்டர் ஆழத்தில இப்பிடித்தான் போட்டது. ரீல் கப்பல் இன்னொண்டு, கரையிலயே கிலோமீட்டர்க் கணக்கா ஒட்டி, நூல்கட்டையில சுத்துற மாதிரி பெரிய உருளையில இரும்பு பைப்பையே சுத்திக்கொண்டு போய், கடல்ல நிமித்தி நிமித்தி இறக்கும். நம்பமாட்டீங்கள், ஆனா உண்மை. 1944ல இங்கிலாந்தில இருந்து பிரான்ஸுக்கு சண்டைக்குப் பெற்றோல் அனுப்பவே மிதக்கிற உருளையில பைப்ப சுத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கிறாங்கள். வேகம் எண்டா ரீல்தான், ஆனா தடிச்ச பைப்ப சுத்த ஏலாது, உருளை முடிஞ்சா திரும்ப கரைக்கு ஓடோணும். எனக்கு அதில ஆசை இல்ல, கடல்ல ஒட்டுற வேலையே குறைவு, அப்ப எனக்கு என்ன சம்பளம்?

பயனியரிங் ஸ்பிரிட்டுக்கு முதல் வச்ச பேர் பீட்டர் ஸ்கெல்டே, முதலாளிட அப்பான்ட பேர். அந்த மனுசன் ஹிட்லர்ட எஸ்எஸ் படையில இருந்தவர் எண்டு பெரிய சத்தம் எழும்பி 2015ல பேர மாத்தினவங்கள். கப்பலுக்குப் பேர் வைக்கிறதும் பிள்ளைக்குப் பேர் வைக்கிறமாதிரி நாலு பேரிட்ட கேட்டுத்தான் வைக்கோணும் போல. பைப்ப விட அது பெயர் எடுத்தது எண்ணெய் மேடையள தூக்கினதில, 2017ல வட கடல்ல பிரென்ட் டெல்டா எண்ட மேடைட மேல்பகுதி 24,000 தொன்ன ஒரே தூக்கா தூக்கினது.

இனி நான் ஏறின கப்பல். சாப்பாட்டுக்கு அஞ்சுக்கு மூண்டரை. நாலு நேரம் மெஸ் திறந்திருக்கும், பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் எண்டபடியா நடுச்சாமத்திலயும் இறைச்சி பொரியும். சோறு எப்பவும் இருக்கும், பிலிப்பைன்ஸ்காரர் கனக்க எண்டபடியா. ஆனா உறைப்பு? கடவுளே. "ஸ்பைசி கறி" எண்டு எழுதி வச்சிருப்பான், வாயில வச்சா கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணிக்கு இதவிட ருசி இருக்கும். மீன் போடுவாங்கள், நாங்கள் சூடையும் பாரையும் கண்ட ஆக்கள், பெட்டியில உறைஞ்ச வெள்ளைத்துண்ட பாத்து அழுகைதான் வரும், அதுவும் கடலுக்கு நடுவில நிண்டுகொண்டு. ரெண்டாவது ட்ரிப்புக்கு நான் கட்டசம்பலும் மாசிச்சம்பலும் போத்தல்ல கொண்டுபோனன், மெஸ்ஸில போத்தல திறக்க கேரளாப் பெடியள் ரெண்டு பேர் வாசத்துக்கு வந்து என்ட மேசையில குந்தினவங்கள், ட்ரிப் முடியுமட்டும் எழும்பேல்ல.

கெபின் நாலு பேருக்கு, சுத்தம், குறை சொல்ல ஏலாது. சத்தம் மட்டும் இருக்கு, மேல் டெக்கில பைப் பைப்போட முட்டினா தலைமாட்டில கோயில் மணி அடிச்ச மாதிரி. இன்டர்நெட் ஒண்டுக்கும் உதவாது, அஞ்சுக்கு ஒண்டு. மனுசியோட கதைக்கேக்க முகம் உறைஞ்சு நிக்கும், அவ நான்தான் வேணுமெண்டு கட் பண்ணினது எண்டு நினைச்சு ரெண்டு நாள் கதைக்கேல்ல.

பெரிய குறை கப்பல்ல இல்ல, கப்பலுக்கு அனுப்பின ஏஜென்ட்ல. பேர் வேண்டாம். தண்ணித்தொட்டிக்குள்ள ஹெலிகொப்டர் கூட்டத் தலைகீழா கவிழ்த்து வெளிய வரப் பழக்குற போசியட் கோர்ஸ் கட்டாயம், அந்தக் காச கொம்பனி திருப்பித்தரும் எண்டு சொல்லித்தான் என்னட்ட வாங்கினவங்கள், கொம்பனிக்காரரிட்ட கேட்டா நாங்கள் ஏஜென்ட்டுக்குக் குடுத்திட்டம் எண்டு ரசீது காட்டுறான். இண்டைக்கு வரைக்கும் வரேல்ல. நாலுதரம் பஸ் ஏறிப்போய்க் கேட்டன், நாலுதரமும் தேத்தண்ணி தந்தாங்கள்.

ஆனா அந்தக் கப்பலுக்கு நான் மொத்தமா அஞ்சுக்கு நாலரை போடுறதுக்குக் காரணம் ஒரே ஒரு இரவு. ரெண்டாவது ட்ரிப், பின்னேரத்தில இருந்தே காத்து ஏறிச்சுது. எங்கட சோளகம் மாதிரி சொல்லிக்கொண்டு வாறதில்ல, சடாரெண்டு. அலை கூடினா ஸ்டிங்கர் மேல கீழ ஆடும், பைப் வளைவில அடிபடும், பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது. ஃபயரிங் லைன்ல சிவப்பு விழுந்துது, எல்லாரும் கைய எடு. பிறகு பைப்ட வாயில ஒரு பெரிய இரும்பு மூடிய வச்சு ஒட்டினாங்கள், அதுக்கு ஒரு காது, காதில ஒரு கம்பிக்கயிறு, தொடைத் தடிப்பு. கப்பல் மெல்ல மெல்ல முன்னால போக டென்ஷனர் விட, வின்ச் கயிறு பாரத்த வாங்கிக்கொண்டு, எங்கட பைப்ட கடைசி நுனி எனக்கு முன்னாலயே போய் ஸ்டிங்கர்ல இறங்கி கறுத்துக் கிடந்த கடலுக்குள்ள காணாமப் போச்சு. கிழமைக்கணக்கா ராவு பகலா நாங்கள் ஒட்டினது முழுக்க கீழ. கைவிடுறது எண்டுதான் அதுக்குப் பேரே. என்னோட நிண்ட மலேசியாக்காரர், இருபது வருஷம் கடல்ல கிடந்தவர், "பயப்பிடாதீங்க தம்பி, அது எங்கயும் போகாது" எண்டு தமிழ்ல சொல்லிப்போட்டு படுக்கப் போயிட்டார்.

ரெண்டரை நாள் சும்மா. கெரம் விளையாடினம், சாப்பிட்டம், வாந்தி எடுத்தம். மூண்டாம் நாள் கடல் படுத்துது. ஆர்ஓவி எண்டு ஆள் இல்லாத குட்டி நீர்மூழ்கி கீழ போய் கயிற தேடிப் பிடிச்சுது, கண்ட்ரோல் ரூம் டிவியில பாத்தன், சேறு கலங்கி, வெளிச்சத்தில ஒரு இறால் நீந்தி, அதுக்குப் பின்னால மூடி பத்திரமா கிடக்குது. இழுத்தாங்கள். வின்ச் ஒரு பக்கம் முனகிக்கொண்டு பல மணித்தியாலம் இழுக்க, நுனி திரும்ப ஸ்டிங்கர்ல ஏறி வந்து டென்ஷனருக்குள்ள போய் நிண்டுது, ஒரு நெளிவு இல்ல. மூடிய வெட்டி எறிஞ்சிட்டு அடுத்த துண்ட கொண்டா எண்டு தொடங்கிட்டாங்கள். என்ட கடைசி ஸ்லீவ நான் தேடிப்பாத்தன், சேறு பிடிச்சிருந்துது, துணியால துடைச்சன், அப்பிடியே இருந்துது. ஸ்பிரிங்காரன் சும்மா பகிடிக்கு இழுத்துப் பாத்தான், டிக் சத்தம் வரேல்ல. சம்பளத்த விட அது எனக்கு.

இப்ப அனுராதபுரச் சந்திக் கேள்விக்கு வாறன். இந்தியாவில இருந்து இங்க பைப் வந்தா இந்த ராட்சதங்கள் வருமோ? பாக்கு நீரிணைப் பக்கத்தால கொண்டுவந்தா இதுகள் தேவையே இல்ல, அந்தக் கடல் அவ்வளவு ஆழமில்ல, சின்னப் பார்ஜும் நங்கூரமும் காணும், இந்தப் பெருசுகள் அங்க தரைதட்டிப்போடும். வெளிக்கடலால வந்தா வேற கணக்கு. கொட்டியாரக்குடா வாயில இருந்தே கடல் தரை கிழிஞ்சு பள்ளத்தாக்கா விழுது, திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வாறதும் அதாலதான், கோணேசர் கோயில் மலையில நிண்டு பாக்கிற அந்தக் கருநீலம் சும்மா வந்த நிறம் இல்ல. பள்ளத்தாக்கு ஓரத்தில பைப் வச்சா ரெண்டு மேட்டுக்கு நடுவில தொங்கும், நீரோட்டம் அத வீணைக் கம்பி மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்கும், ஆடி ஆடி இரும்பு களைச்சு வெடிக்கும். அதால பாதை பாக்கிற சேவே கப்பல்தான் முதல்ல வரோணும், அது வந்தாச் சொல்லுங்கோ, நானும் வந்து பாக்கிறன். கரைக்கு ஏத்துறது மட்டும் எங்கட ஆக்களுக்கு லேசா விளங்கும், கப்பல் வெளிய நிக்க, கரையில வின்ச் வச்சு மிதவை கட்டின பைப்ப இழுத்து எடுக்கிறது, நிலாவெளியில கரைவலை இழுக்கிறதேதான், சம்மாட்டிக்குப் பதிலா தொப்பி போட்ட எஞ்சினியர் நிண்டு கத்துவான். சீனன்குடாவில வெள்ளைக்காரன் காலத்தில கட்டின 99 எண்ணெய்க் குதத்தில கனக்க காடு பத்திக் கிடந்தது, அதுகளில பாதிக்கு மேல இன்னும் திருத்தவேணும், முதல்ல அதப் பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், ஆனா என்னட்ட ஆர் கேக்கிறது.

போகலாமா வேண்டாமா எண்டு கேக்கிற பெடியளுக்கு: கோட்டிங்குக்குப் போகாதீங்கோ, வெல்டிங்குக்குப் போங்கோ, சம்பளம் எங்கயோ வித்தியாசம். ஆனா சிக்ஸ்ஜி டெஸ்ட் பாஸ் பண்ணோணும், சரிஞ்சு அசையாம நிக்கிற பைப்ப சுத்திச்சுத்தி ஒட்டுறது. ஏஜென்ட்டுக்கு ரசீது இல்லாம ஒரு சதம் குடுக்காதீங்கோ. கட்டசம்பல் ரெண்டு போத்தல்.

என்ட அக்காட மகன் இப்ப ஆறு மாசமா பட்டறையில பழகுறான். மாமரத்தடியில ரெண்டு பழைய தண்ணிப் பைப் துண்ட 45 பாகை சரிச்சு ஸ்டாண்டில மாட்டி, கீழ மல்லாந்து படுத்து அடிக்கிறான், சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டா ஓட்டை. நேற்றுப் பின்னேரம் முடிச்சிட்டு முகமூடிய தூக்கிக்கொண்டு கேக்கிறான், "மாமா, பச்சையோ?" நான் ஃபோன் லைட்ட அடிச்சு பைப்புக்குள்ள ஒரு கண்ண வச்சுப் பாத்தன். உள்பக்கம் அடியில ஒரு விரல் நீளத்துக்கு உருகாம நிக்குது.

"சிவப்பு. வெட்டு."